கூப்பிடும் வரி

மாப்புசா, கோவா
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை கலைமதிக்கு,

பாலு அண்ணன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். சித்தப்பா, சித்தி, நீ, மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ என் நம்பரை பிளாக் செய்து ஐந்து மாதமாகிறது. நான் கடைசியாகத் தாளில் எழுதிய கடிதம் எட்டாம் வகுப்பு லீவ் லெட்டர். கை வலிக்கிறது. இதற்காகவாவது சிரி.

அந்தப் பேட்டியை நீ படித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். “நான் விசிலடிப்பேன், என் தங்கை அதை எழுதிக்கொள்வாள்” என்று நான் சொன்னது வேறு அர்த்தத்தில். பத்திரிகைக்காரர்கள் முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள். நோட்டில் இருக்கிற இருபத்துமூன்றும் நம் வீட்டுப் பாட்டுதானே? இதற்கெல்லாம் பங்காளிச் சண்டை போடுகிற வீடா நம் வீடு?

விஷயத்துக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊரில் வருடா வருடம் ராக்டைம், ஆரம்பகால ஜாஸ் என்று நூறு வருடத்துப் பழைய இசைக்கு மட்டும் ஒரு விழா நடக்கிறது. அதை நடத்தும் பெல்ஜியக்கார அம்மா என் ரெக்கார்டைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். ஆனால் ரெக்கார்டை நம்ப மாட்டாராம். மைக் இல்லாமல், ஐந்து பேரும் எதிரே உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்ட பிறகுதான் கூப்பிடுவாராம். பிப்ரவரியில் குயிலாப்பாளையம் வருகிறார். நாம் வாசித்துவந்த பழைய கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு நம் பேண்டு வேண்டும் கலை. இங்கே இருக்கிறவர்கள் எதையும் ஓட ஓட வாசிக்கிறார்கள். ராக்டைம் நடக்க வேண்டும், ஓடக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. இதுவரை யாரும் கேட்காத புதுப் பாட்டு ஒன்றும் வேண்டும். பழையபடி எனக்கு நோட் எழுதித் தருவாயா?

பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
பாலகுரு


மரக்காணம்
19 செப்டம்பர் 2024

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பெரியம்மா நன்றாக இருக்கிறார். நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, “உங்க அண்ணன் லெட்டர் போட்டானாமே, எனக்கு ஒரு வரி போட்டானா பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் கடிதம் ஆகஸ்ட் பத்தாம் தேதியே வந்துவிட்டது. எங்கள் உப்பளத்தில் வாரிய உப்பையெல்லாம் மழைக்கு முன்னால் மேட்டில் ஏற்றி மூட வேண்டிய நாட்கள். பதில் தாமதமானதற்கு அது பாதிக் காரணம்.

மீதிப் பாதியை ஒரு முறை மட்டும் எழுதுகிறேன். நீ கோவா போகும்போது எடுத்துப்போன நோட்டில் இருக்கும் இருபத்துமூன்றில் பதினான்கு, நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகளை நம் ஐந்து பேருக்கும் ஏற்றபடி நான் பிரித்து எழுதியவை. மற்ற ஒன்பதும் நானே எழுதியவை. ஒவ்வொன்றையும் எந்த மாதம், எந்தப் பேனாவில் எழுதினேன் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. உன் ரெக்கார்டின் உறையில் இருபத்துமூன்றுக்கும் கீழே உன் பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை. பிறகு அந்த விசில்.

சொல்லிவிட்டேன். இனி இதை எழுத மாட்டேன்.

பேண்டில் கேட்டேன். கிளாரினெட் அரசப்பன் அண்ணன் வாத்தியத்தைத் துடைத்து உறையில் வைத்தார். பிறகு, “வரட்டும். அவனுக்கு சோறு போட்ட ஊருதானே” என்றார். டியூபா தனக்கோடியும் டிரம்ஸ் ராஜ்கமலும் சரி என்றார்கள். நானும் சரி என்கிறேன். புதுப் பாட்டு எழுதித் தருகிறேன். எனக்கு நிபந்தனை எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு.

அன்புத் தங்கை,
கலைமதி


மாப்புசா
28 செப்டம்பர் 2024

அன்புக் கலைக்கு,

சுகம், சுகம், சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு டிரம்பெட்டை எடுத்து ஜன்னல் வழியாக ஊதினேன். எதிர்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

உனக்குக் கோபம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய், மறுநாள் நீயே வந்து நிற்பாய்.

ஒரே ஒரு சின்ன விஷயம். நிகழ்ச்சித் தாளில் “இசை: பாலகுரு” என்றே போட்டுவிடலாம். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது மாற்றினால் குழப்பம். பெல்ஜியம் போனதும் எல்லாம் சரிசெய்துவிடலாம்.

எல்லோரும் நிறுத்திவிட்டு டிரம்பெட் மட்டும் வாசிக்கிற இடம் ஒன்று கட்டாயம் வை. அதைத்தான் ஜனங்கள் கேட்கிறார்கள்.

சித்தப்பா, சித்திக்கு வணக்கம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

பாலு அண்ணன்


மரக்காணம்
15 அக்டோபர் 2024

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். வெயில் போய் ஈரக்காற்று வந்துவிட்டது. உனக்கும் அங்கே சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

பாட்டுக்கு “வெள்ளைக் குவியல்” என்று பெயர் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு பகுதிகளை இத்துடன் அனுப்புகிறேன். பியானோவில் என் இடது கை நேராக நடந்துகொண்டே இருக்கும். வலது கை எப்போதும் அரை அடி முன்னாலோ பின்னாலோ வந்து அதை ஏமாற்றும். நீ உன் பங்கை அவசரப்படாமல் வாசித்தால் போதும். நிகழ்ச்சித் தாளைப் பற்றி நீ எழுதியதைக் கெஸ்ட் ஹவுஸை நடத்தும் சரண்யாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

நீ கேட்டபடி டிரம்பெட் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் மூன்றாம் பகுதியில் வருகிறது. அதை இன்னும் எழுதவில்லை. ஆனால் அரசப்பன் அண்ணன் இப்போதே ஒன்று கேட்கச் சொன்னார்: “தனியா வாசிச்சு முடிச்சதும் நம்மள எந்த வரியில கூப்புடுவான்னு கேட்டு எழுதும்மா.”

இதற்குப் பதில் எழுது.

அன்புத் தங்கை,
கலைமதி


மாப்புசா
30 அக்டோபர் 2024

அன்புக் கலைக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

முதல் இரண்டு பகுதியும் அருமை. இரண்டாவதில் அந்தத் தடுக்கி விழுந்து எழுந்து நடக்கிற இடத்தை என் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். “எப்படியப்பா உனக்கு இதெல்லாம் தோன்றுகிறது?” என்றார்கள். நான் என்ன சொல்வது, சிரித்தேன்.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். போன வாரம் வந்தது. போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது, அம்மாவிடம் காட்டு. “தனி வாசிப்பை நான் ஒருபோதும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மேடையில் அந்த நிமிடத்தில் பிறக்கிறது” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நீ வழக்கம்போல் அந்த இடத்தை எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால் பழகிக்கொள்வேன்.

பாலு அண்ணன்


மரக்காணம்
14 டிசம்பர் 2024

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் வந்த புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. நான்கு நாள் கரண்ட் இல்லை. எது அளம், எது கழிமுகம், எது ரோடு என்று தெரியவில்லை. மேட்டில் மூடி வைத்திருந்த உப்பில் பாதி கரைந்து போய்விட்டது. பெரியம்மா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா அவரைக் கைத்தாங்கலாக எங்கள் மாடிக்குக் கூட்டிவந்தார். ஐந்து நாள் எங்களோடு இருந்தார். டவர் வந்த அன்று நீ அவருக்குப் போன் செய்தாயாம். “கலை எழுதற நோட்டுத் தாள்லாம் நனையாம இருக்குதா” என்று கேட்டாயாம். பெரியம்மா என்னிடம் வந்து, “நனையலடா கண்ணுன்னு சொல்லிட்டேன், சரிதானே?” என்றார்.

சரிதான். நனையவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் பியானோவுக்குள் தண்ணீர் போகவில்லை, ஈரம் போயிருக்கிறது. பதினொரு கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்கவில்லை. சரண்யாவும் நானும் இரண்டு நாள் ஹேர் டிரையர் பிடித்து எட்டை எழுப்பிவிட்டோம். மூன்று இன்னும் பிடிவாதமாகக் கிடக்கின்றன. அந்த மூன்றும் வராதபடி மீதிப் பாட்டை எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது.

மூன்றாம் பகுதியில் எல்லோரும் நிறுத்தும் இடத்தில் உன் தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. காலியாக விட்டிருக்கிறேன். அந்த நிமிடத்தில் பிறக்கிறது என்று நீ சொன்னதைப் படித்தேன். பிறக்கப்போவதற்கு நான் எப்படி நோட் எழுதுவது?

அரசப்பன் அண்ணனின் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறுபடியும் கேட்கச் சொன்னார்: எந்த வரியில் கூப்பிடுவாய்?

ரிகர்சல் பிப்ரவரி ஆறு, ஏழு இரண்டு நாளும் வைத்திருக்கிறோம். வந்துவிடு.

கலைமதி


மாப்புசா
27 டிசம்பர் 2024

அன்புக் கலைக்கு,

நலமா? எல்லாம் வந்து சேர்ந்தது. பாட்டு சூப்பர். நாலாவது பகுதியில் எல்லோரும் சேர்ந்து வருகிற இடத்தைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

காலியாக விட்டதும் நல்லதுதான். அந்த அம்மாவுக்குத் தாளைக் காட்டினால் அசந்துபோவார். இரண்டு பார்தானே, நாலைந்து நொடி, சமாளித்துவிடுவேன். ஆறு வருடம் வாசித்த கை.

ரிகர்சலுக்கு வர முடியாது. ஏழாம் தேதி இங்கே ஒரு ஹோட்டலில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எட்டாம் தேதி மதியம் விமானம், சாயங்காலம் நேரே தோட்டத்துக்கு வந்துவிடுவேன். நமக்குள் என்ன ரிகர்சல்? அரசப்பனிடம் ரொம்ப யோசிக்க வேண்டாம் என்று சொல். கல்யாண ஊர்வலத்தில் நடந்து நடந்து வாசித்தவர், ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை கேட்பார்.

ஒரு உதவி. அம்மா நான் மேடையில் வாசித்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அன்று கூட்டிவந்து முன் வரிசையில் உட்கார வை.

புயலில் உங்களுக்கு நிறைய நஷ்டமா? சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பாலு அண்ணன்


மரக்காணம்
10 ஜனவரி 2025

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

இங்கே சுகம். அப்பாவும் ஆட்களும் அளத்தில் இறங்கிப் பாத்திகளைத் திரும்பக் கட்டுகிறார்கள். களிமண்ணை மிதித்து மிதித்து அப்பாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது.

பெரியம்மாவைக் கூட்டிவருகிறேன். கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்கு வேண்டிக்கொண்டு அவர் உனக்காக ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறார். நீல நிறம்.

கடைசியாக ஒரு முறை கேட்கிறேன். எந்த வரி?

கலைமதி


மாப்புசா
20 பிப்ரவரி 2025

கலைமதிக்கு,

எனக்குச் சுகம் இல்லை. பன்னிரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. யாரும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் எனக்கு மனசில்லை.

நீ செய்தது என்ன என்று உனக்குத் தெரியும். நான் இரண்டு பார் வாசித்தேன். சுத்தமாக வாசித்தேன். நிறுத்தினேன். நீங்கள் யாரும் வரவில்லை. சரி, எண்ணிக்கை தவறிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு வாசித்தேன். வரவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தனக்கோடி தரையைப் பார்க்கிறான். ராஜ்கமல் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்கிறான். நான் என்ன வாசித்தேன் என்று எனக்கே நினைவில்லை. யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பார்த்தேன். கடைசியில் பள்ளிக்கூட என்.சி.சி.யில் கொடி ஏற்றும்போது ஊதுகிற மெட்டை ஊதியிருக்கிறேன். இரண்டு முறை. நூற்று இருபது பேர் முன்னால்.

கோவாவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஹோட்டல்காரன் இனி வர வேண்டாம் என்கிறான்.

நீ ஒன்று செய். டிரம்பெட்டின் வால்வு மாட்டிக்கொண்டது, அதனால்தான் பேண்டு நின்றது என்று நீயும் அரசப்பனும் அந்த அம்மாவுக்கு எழுதுங்கள். இதைச் செய்தால் நடந்ததை மறந்துவிடுகிறேன். அம்மா வேறு போன் எடுப்பதில்லை.

பாலகுரு


மரக்காணம்
5 மார்ச் 2025

அண்ணனுக்கு,

பெரியம்மா நலம். போனை அவர் எடுக்காததற்கு நான் காரணம் இல்லை.

வால்வு மாட்டிக்கொள்ளவில்லை. நான் எழுத மாட்டேன். அரசப்பன் அண்ணனுக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் பொய் எழுத மாட்டார்.

எண்ணிக்கை தவறிவிட்டோம் என்று நீ இன்னும் நினைக்கிறாய். நம் பேண்டு எப்போதுமே எண்ணியதில்லை. அரசப்பன் அண்ணனின் பழைய பேண்டு செட்டில் கல்யாண ஊர்வலம் ஒரு வீட்டு முன்னால் நின்றால் எல்லோரும் நிறுத்துவார்கள், ஒருவர் மட்டும் வாசிப்பார். ஆரத்தி இரண்டு நிமிடத்திலும் முடியும், இருபது நிமிடமும் ஆகும். அதனால் யாரும் எண்ணுவதில்லை. தனியாக வாசிப்பவர் குறிப்பிட்ட ஒரு வரியை வாசித்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். அந்த வரி வரும் வரை யாரும் வாத்தியத்தைத் தொட மாட்டார்கள். அவர் நம்மோடு சேர்ந்தபோது அந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார். நூறு வருடத்துப் பாட்டை நாங்கள் வாசிக்கும்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் மாதிரி இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எப்போது திரும்பி வருவோம் என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்கே தெரியாது.

நீ புதுச்சேரியில் நோட் பார்த்து டிரம்பெட் படித்தவன். ஒரு ஊர்வலத்திலும் நடந்ததில்லை. உனக்கு நான் எழுதித் தந்த தனி வாசிப்புகள் ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்தக் கூப்பிடும் வரியின் எட்டு சுரங்களைச் சேர்த்திருந்தேன். ஆறு வருடம் நீதான் எங்களைக் கூப்பிட்டாய், கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே. உன் திறமையைக் கண்டு நாங்கள் சேர்ந்துகொள்வதாக நினைத்திருப்பாய்.

மூன்று கடிதத்தில் கேட்டேன். அன்று மேடையேறும் முன்னால் அரசப்பன் அண்ணனே உன்னிடம் வந்து, “ஏம்பா, எந்த வரிப்பா? இப்பனாச்சும் சொல்லேன்” என்றார். நீ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, “யோவ், நோட்டப் பாத்து வாசிய்யா” என்றாய். அவருக்கு நோட் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார். நான் பியானோ மூடியைத் திறந்தேன்.

எல்லாவற்றையும் உன் மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருக்கப்போவதில்லை. ஜனவரிக் கடிதம் எழுதிய அன்று அந்த எட்டு சுரங்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வைத்தேன். போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்று வெளியே எடுத்தேன். கிழித்தேன். திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. நீ தனியாக நின்றபோதும் அப்படித்தான் இருந்தது. உன் நெற்றியில் வியர்வை முளைப்பதைப் பார்த்தேன். “இவ எழுதிக்குவா” என்று நீ சொன்ன வாய் காற்றுக்குத் திணறுவதைப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் வேறு எதையும் விரும்பவில்லை. பார்த்தேன், போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்தேன்.

பிறகு பெரியம்மா கைதட்டினார். உனக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. பாட்டு முடிந்துவிட்டது, ஜனங்கள் தட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அந்த மௌனத்துக்குள் அவர் ஒருவர் மட்டும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். நான் அப்போது ஒரு கட்டையை அழுத்தியிருந்தால் எல்லோரும் சேர்ந்திருப்பார்கள். அழுத்தவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீ இல்லை. அவரிடம் கேட்டுவிட்டேன்.

கடைசியில் அரசப்பன் அண்ணன்தான் கிளாரினெட்டை எடுத்து அந்த வரியை வாசித்து எங்களைக் கூப்பிட்டார். நீ இறங்கிப் போய்விட்டாய். நாலாவது பகுதியை நீ கேட்கவில்லை. முடிந்ததும் அவர் என்னைத் திட்டினார். “எவ்ளோ நேரம்மா விடுவ? எனுக்கே நெஞ்சு அடச்சிக்கிச்சி.” அவன் கூப்பிடவில்லையே என்றேன். “கூப்புடலன்னா விட்டுடுவியா? பொண்ணா நீ?” என்றார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

பெல்ஜியம் அம்மா மேடைக்கு வந்து உன் ஸ்டாண்டில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். என் ஸ்டாண்டில் இருந்ததையும் எடுத்து இரண்டின் கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். சரண்யா தமிழில் சொன்னதைக் கேட்டு முன் வரிசையிலிருந்து பெரியம்மா எழுந்து வந்தார். “இவதாம்மா எழுதுவா. சின்னதுலேந்தே இவதான். எம் புள்ள விசிலடிச்சான்னு பேப்பர்ல போட்டாங்களாம். அவனுக்கு விசிலே வராதும்மா. ஆறு வயசுலேந்து ஊதிப் பாக்கறான், காத்துதான் வருது.” சரண்யா அதை மொழிபெயர்க்கும்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது கீழ்புத்துப்பட்டு ஐயனாரைக் கும்பிட்டுக்கொண்டார். பிறகு, “அந்தச் சட்டய அவன் போட்டுக்கவே இல்ல” என்று மட்டும் சொன்னார்.

அழைப்பு வந்துவிட்டது. செப்டம்பரில் போகிறோம். நிகழ்ச்சித் தாளில் “இசை: கலைமதி” என்று இருக்கும். டிரம்பெட் பகுதிகளை அரசப்பன் அண்ணன் கிளாரினெட்டில் வாசிக்கிறார்.

கலைமதி


மாப்புசா
12 ஏப்ரல் 2025

அன்புள்ள கலைக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் கிழிக்கத்தான் எடுத்தேன்.

நோட்டுப் புத்தகத்தை ரெஜிஸ்டர் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் பெயர் இருந்த இடத்தையெல்லாம் ரப்பர் வைத்து அழித்தேன். பேனாவில் எழுதிய இடங்களில் தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு தனி வாசிப்பின் கடைசியையும் பார்த்தேன். எட்டு சுரங்கள். அழகுக்காக வைத்திருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். இங்கே வாசிக்கும்போது நீளமாக இருக்கிறது என்று பல இடத்தில் அதை வெட்டியும் விட்டேன்.

செப்டம்பரில் டிரம்பெட் இல்லாமல் போவது பாட்டுக்கு நல்லதில்லை. என்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்கவில்லை. கடைசி நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். ரிகர்சலுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவேன். அரசப்பன் அண்ணனோடு ஊர்வலத்தில் நடக்கச் சொன்னாலும் நடப்பேன்.

பதில் போடு.

உன் அண்ணன்,
பாலகுரு


மாப்புசா
22 ஜூன் 2025

அன்புள்ள கலைக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நோட்டுப் புத்தகம் உன் கையில் சேர்ந்துவிட்டது என்று தபால் ஒப்புகை அட்டை வந்தது. அதில் உன் கையெழுத்து இருக்கிறது. அதனால் என் கடிதமும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவேளை அது மட்டும் வழியில் தொலைந்துவிட்டதோ என்று சில நாள் நினைத்தேன். அதுவும் ஒரு சௌகரியமான நினைப்பு.

அந்தப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இருபத்துமூன்றையும் எழுதியது நீ, விசில் என்று நான் சொன்னது பொய் என்று. போன ஞாயிறு மூன்றாம் பக்கத்தில் சின்னதாகப் போட்டார்கள். துண்டை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் ஒன்று அனுப்பினேன். போன் எடுத்தாள். “சாப்ட்டியா” என்று கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

சித்தப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? இந்த வருடம் உப்பு எப்படி? புயலில் கரைந்ததுபோக எவ்வளவு மிஞ்சியது என்று நான் கேட்கவே இல்லை. சித்திக்கு இன்னும் ஒற்றைத் தலைவலி வருகிறதா? தனக்கோடியின் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்திருப்பான். பியானோவில் அந்த மூன்று கட்டைகள் எழுந்துவிட்டனவா? அரசப்பன் அண்ணன் என்னை மன்னிக்க வேண்டாம், ஆனால் அவர் உன்னோடு பேசுகிறார் என்றாவது தெரிந்தால் நிம்மதி.

இன்னும் யாரையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். தாள் முடியப்போகிறது.

ஒரு வரி எழுது, கலை. திட்டியாவது எழுது.

பாலகுரு